பெர்ல் மொழியில் 'தொடக்க மதிப்பில்லா மாறி' எச்சரிக்கையின் வரலாறு

பெர்ல் நிரல்மொழியில் எழுதிய நிரல் ஒன்று, இதுவரை எந்த மதிப்பும் இடப்படாத மாறியைக் கணக்கிலோ சரத்திலோ பயன்படுத்தினால், மொழிபெயர்ப்பி ஒரு வரி எச்சரிக்கையைத் திரையில் எழுதும். மதிப்பில்லாத ஒன்றை இன்ன வரியில் இன்ன செயலில் பயன்படுத்தியிருக்கிறாய் என்பதே அதன் பொருள். நிரல் நின்றுவிடாது, தொடர்ந்து ஓடி ஒரு விடையையும் தரும். அந்த விடை சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இந்த எச்சரிக்கை இன்றைய வடிவத்துக்கு வரச் சுமார் 20 ஆண்டுகள் ஆயின. அதன் முக்கியமான ஒரு கட்டத்தில் பெர்லின் வெளியீட்டுப் பொறுப்பைக் குருசாமி சாரதி என்பவர் வகித்தார்.

வெறுமையும் சுழியமும்

ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதியதல்ல. மதிப்பெண் பதிவேட்டில் ஒரு கட்டத்தில் 0 என்று இருந்தால் மாணவர் தேர்வு எழுதினார், ஒன்றும் பெறவில்லை என்று பொருள். 'ஏபி' என்றிருந்தால் அவர் தேர்வுக்கு வரவில்லை. கட்டம் வெறுமையாக இருந்தால் விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லையா, எழுத விட்டுப்போயிற்றா என்பது தெரியாது. யாரையாவது கேட்க வேண்டும். மூன்றையும் 0 என்று கொண்டு சராசரி போட்டால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை வகுப்பில் கடைசியாகிவிடும்.

பெர்லில் இந்த வெறுமைக்குத் தனிப் பெயர் உண்டு: 'அன்டெஃப்'. மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்று பொருள். இது சுழியம் அல்ல, எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் அல்ல. ஆனால் கூட்டலில் வந்தால் சுழியமாகவும், சரத்தோடு ஒட்டினால் வெற்றுச் சரமாகவும் நடந்துகொள்ளும். எச்சரிக்கை பிறந்ததற்குக் காரணம் இந்த இரட்டை வேடம்தான்.

பெர்லுக்கு முன்

1960களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக உருவாக்கிய ஃபோர்ட்ரான் தொகுப்பிகள் இதில் முன்னோடிகள். வாட்ஃபைவ் தொகுப்பி, நிரல் ஓடத் தொடங்கும் முன் நினைவகத்தைத் தனியான ஓர் அடையாள அமைப்பால் நிரப்பிவிடும். ஒரு மாறியில் அந்த அடையாளம் அப்படியே இருந்தால் அதற்கு யாரும் மதிப்பு இடவில்லை என்று கண்டுகொள்ளலாம். யுனிக்சில் சி மொழிக்காக ஸ்டீபன் ஜான்சன் பெல் ஆய்வகத்தில் எழுதிய 'லின்ட்' என்னும் கருவி, மதிப்பிடுமுன் பயன்படுத்திய மாறிகளை நிரலை ஓட்டாமலேயே சுட்டிக்காட்டியது.

அதே பெல் ஆய்வகத்தில் 1977இல் ஆகோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரும் உருவாக்கிய 'ஆக்' மொழி எதிர்த்திசையில் சென்றது. அதில் மாறியை அறிவிக்க வேண்டாம், தொடக்க மதிப்பும் இட வேண்டாம். எண்ணாகக் கேட்டால் 0, சரமாகக் கேட்டால் வெறுமை. பத்து வரியில் ஒரு பட்டியலைக் கூட்டிப் பார்ப்பவருக்கு இது பெரிய வசதி.

லாரி வால் 1987 டிசம்பர் 18 அன்று பெர்லின் முதல் பதிப்பை வெளியிட்டபோது ஆக், செட், ஷெல் ஆகியவற்றின் வசதிகளை ஒரே இடத்தில் சேர்த்தார். ஆக்கின் தாராளமும் கூடவே வந்தது. வெளியீட்டுக்கு முன்பு மொழியியல் படித்தவர் அவர். பேச்சில் விட்டுப்போன சொல்லைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வது போல, மொழிபெயர்ப்பியும் நிரப்பிக்கொள்ளட்டும் என்ற மனப்பாங்கு பெர்ல் முழுவதிலும் தெரியும்.

'-டபிள்யூ' என்னும் விருப்பம்

சிறு நிரல்கள் நூறு வரியாகி, ஆயிரம் வரியானபோது தாராளத்தின் விலை தெரிந்தது. ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்து தவறினால் பெர்ல் புதிய மாறி ஒன்றை உருவாக்கி, அதன் வெறுமையைச் சுழியமாகக் கூட்டிவிடும். இதற்கு மருந்தாக வந்தது '-டபிள்யூ' என்ற தொடக்க விருப்பம். அதைச் சேர்த்து ஓட்டினால், நிரலில் ஒரே ஒருமுறை மட்டும் வரும் மாறிப்பெயர்களையும், மதிப்பிடாமல் பயன்படுத்திய மாறிகளையும் பெர்ல் சொல்லும். இந்த விருப்பம் கட்டாயமாக்கப்படவில்லை என்பதையே மொழியின் குறைகளில் ஒன்றாகக் கையேட்டில் எழுதிவைத்திருந்தார்கள். நகைச்சுவையாகச் சொன்னாலும் அது உண்மை.

1994 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' என்ற கட்டளையைத் தந்தது. இதையும் எச்சரிக்கையையும் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. அறிவிக்கப்படாத பெயரை ஸ்ட்ரிக்ட் அனுமதிக்காது, நிரல் ஓடத் தொடங்கும் முன்பே நிறுத்திவிடும். அறிவித்த பெயருக்கு மதிப்பு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, ஆள் வந்திருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

'-டபிள்யூ' விருப்பத்துக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. அது நிரல் முழுவதற்கும் பொருந்தும். நாம் எழுதிய 50 வரிக்கு அதை இட்டால், நாம் இரவல் வாங்கிய பிறருடைய கூறுகளிலும் எச்சரிக்கைகள் கிளம்பும். அவற்றை நம்மால் திருத்த முடியாது. திரை முழுவதும் எச்சரிக்கைகள் ஓடினால் நம்முடைய ஒரு வரி அதில் கண்ணில் படாது. சலித்துப்போய் விருப்பத்தையே எடுத்துவிட்டவர்கள் பலர்.

குருசாமி சாரதியும் 5.6 பதிப்பும்

பெர்ல் ஒரு நிறுவனத்தின் சொத்து அல்ல. பலர் அனுப்பும் திருத்தங்களை ஒருவர் பொறுப்பேற்றுச் சேர்த்து வெளியிடுவார். அவரைப் பூசணி அரசர் என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயரால் அழைப்பது வழக்கம். ஓர் அலுவலகத்தில் பலர் பகிர்ந்துகொண்ட ஒற்றை நாடாக்கருவியை, பஞ்சடைத்த பூசணிப் பொம்மை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பயன்படுத்தலாம் என்று வைத்திருந்த விதியிலிருந்து வந்த பெயர் இது.

1998 ஜூலையில் வந்த 5.005 பதிப்புக்கும், 2000 மார்ச்சில் வந்த 5.6.0 பதிப்புக்கும் அந்தப் பூசணியைச் சுமந்தவர் குருசாமி சாரதி. விண்டோசுக்கென்று ஆக்டிவ்ஸ்டேட் தனியாகப் பராமரித்துவந்த பெர்லும் பொதுவான பெர்லும் 5.005இல் ஒன்றானதில் அவர் பங்கு முதன்மையானது. தமிழில் கணினி பற்றி எழுதுவோர் யுனிகோடு, எழுத்துரு என்று பேசுவதோடு நின்றுவிடுவதால், உலகம் முழுவதும் பயன்பட்ட ஒரு மொழியின் அடித்தளத்தில் உழைத்த இவரைப் போன்றவர்கள் நம் பக்கங்களில் இடம்பெறுவதில்லை. அது குறைதான்.

5.6.0இல் வந்த 'யூஸ் வார்னிங்ஸ்' என்ற கட்டளையே இந்த வரலாற்றின் திருப்பம். இதை எழுதியவர் பால் மார்க்வெஸ். '-டபிள்யூ' போல நிரல் முழுவதற்கும் அல்லாமல், கட்டளை எழுதப்பட்ட கோப்புக்கு அல்லது அடைப்புக்குறிப் பகுதிக்கு மட்டும் இது செல்லும். எச்சரிக்கைகளை வகைவகையாகவும் பிரித்தார்கள். தொடக்க மதிப்பில்லாமை அவற்றில் ஒரு வகை. அந்த ஒரு வகையை மட்டும் ஓரிடத்தில் அணைக்கலாம்; மாறாக, அந்த வகை எச்சரிக்கை எழுந்த உடனே நிரலையே நிறுத்தச் சொல்லவும் செய்யலாம்.

சாரதியின் இன்னொரு கொடை 'டேட்டா டம்ப்பர்' என்னும் கூறு. 5.005 முதல் பெர்லுடனேயே இது வருகிறது. எவ்வளவு சிக்கலான தரவானாலும் அதன் உள்ளே இருப்பதை அப்படியே எழுதிக் காட்டும். சாதாரணமாக அச்சிட்டால் அன்டெஃப்பும் வெற்றுச் சரமும் ஒன்றுபோலத் தெரியும், அதாவது ஒன்றுமே தெரியாது. டம்ப்பரோ முதலாவதை அன்டெஃப் என்று எழுதும், இரண்டாவதை வெறும் மேற்கோள் குறிகளாகக் காட்டும். எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தேடும் எவரும் முதலில் கையிலெடுப்பது இதைத்தான்.

பெயர் சொல்லும் எச்சரிக்கை

5.6 காலத்து எச்சரிக்கை, 12ஆம் வரியில் கூட்டலில் மதிப்பில்லாத ஒன்று என்று மட்டுமே சொல்லும். அந்த வரி இப்படி இருந்தால்:

$மொத்தம் = $தமிழ் + $கணிதம் + $அறிவியல்;

மூன்றில் எது வெறுமை என்று தெரியாது. ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பெர்லின் இருபதாம் பிறந்தநாளான 2007 டிசம்பர் 18 அன்று வந்த 5.10 பதிப்பில் எச்சரிக்கை மாறியின் பெயரையும் சொல்லத் தொடங்கியது. இது டேவ் மிட்செலின் வேலை. எளிய மாறி, அணியின் உறுப்பு, அகராதிபோலச் சாவியால் தேடும் தொகுதியின் உறுப்பு ஆகியவற்றுக்குப் பெயர் கிடைக்கும். எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாத சிக்கலான கோவையில் பெயர் சொல்லாமல் விட்டுவிடும். தவறான பெயரைச் சொல்வதைவிட அது நல்லது. அடுக்கடுக்கான நிபந்தனைகளில் இரண்டாவது, மூன்றாவது நிபந்தனையில் தவறு இருந்தாலும் முதல் நிபந்தனையின் வரி எண்ணையே சொல்லிவந்த பழைய கோளாறும் இந்தப் பதிப்பில் சரியாயிற்று. அதற்கு முன்பு, குற்றமில்லாத வரியை முறைத்துப் பார்த்துக்கொண்டு மாலைப்பொழுதைக் கழித்தவர்கள் எத்தனை பேரோ.

5.10இன் இன்னொரு வரவு இரட்டைச் சாய்கோடு (//) என்ற செயற்குறி. அதுவரை, மதிப்பு இல்லையென்றால் இதை எடுத்துக்கொள் என்று சொல்ல இரட்டைச் செங்குத்துக் கோட்டையே (||) பயன்படுத்தினார்கள்.

$காட்டு = $மதிப்பெண் || 'ஏபி';

இது பார்க்கச் சரியாகத் தெரியும், எச்சரிக்கையும் வராது. ஆனால் பெர்லுக்கு 0 என்பதும் 'இல்லை' என்ற கணக்குத்தான். எனவே தேர்வெழுதி 0 வாங்கிய மாணவரும் தேர்வுக்கே வராதவராகிவிடுவார். செங்குத்துக் கோடுகளுக்குப் பதில் // இட்டால், மதிப்பு உண்மையிலேயே இல்லாதபோது மட்டும் 'ஏபி' வரும். 0 தன் இடத்தில் நிற்கும். ஒரு குறி மாற்றந்தான், ஆனால் பதிவேட்டில் இரண்டு பிள்ளைகளின் கதை மாறுகிறது.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

பெர்ல் ஒரு கோப்பிலிருந்து தரவைப் படித்துக்கொண்டிருக்கும்போது எழும் எச்சரிக்கையில் இரண்டு வரி எண்கள் இருக்கும். முதலாவது நிரலின் வரி. இறுதியில் வருவது தரவுக் கோப்பில் அப்போது படித்த வரி. தொடக்கநிலையில் உள்ளவர்கள் முதலாவதை மட்டும் பார்த்து நிரலைத் திருத்தப் போவார்கள். பெரும்பாலும் தவறு இரண்டாவதில், அதாவது தரவில் இருக்கும்.

வழக்கமான இடம் காற்புள்ளியால் பிரித்த பட்டியல். '12,செல்வி,78,,' என்ற வரியில் கணிதமும் அறிவியலும் வெறுமை. வரியிறுதிக் குறியை நீக்கிவிட்டு இதைத் துண்டாக்கி ஓர் அணியில் இட்டால், பெர்ல் கடைசியில் உள்ள வெற்றுத் துண்டுகளை உதறிவிடும். அணியில் மூன்று உறுப்புகளே இருக்கும். நான்காவதைக் கேட்டால் அன்டெஃப், உடனே எச்சரிக்கை. துண்டாக்கும் கட்டளையின் இறுதியில் -1 என்று சேர்த்தால் அவை உதறப்படாமல் வெற்றுச் சரங்களாக நிற்கும். இப்போது கூட்டினால் பழைய எச்சரிக்கை போய், இது எண் அல்ல என்ற வேறோர் எச்சரிக்கை வரும். பலர் இங்கே குழம்புகிறார்கள். முதல் எச்சரிக்கை கட்டமே இல்லை என்கிறது, இரண்டாவது கட்டம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்கிறது.

எல்லா இடத்திலும் பெர்ல் எச்சரிப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டும் ++, இடப்பக்கத்தோடு சேர்க்கும் += போன்றவற்றில் இடப்பக்க மாறி வெறுமையாக இருந்தால் அது பிழையல்ல. சொற்களை எண்ணும் நிரலில் ஒவ்வொரு சொல்லும் முதன்முறை வரும்போது வெறுமையிலிருந்துதானே தொடங்கும். ஆக்கின் பழைய வசதியை இந்த அளவுக்கு விட்டுவைத்தது நல்ல முடிவு.

தமிழ்த் தரவில் வரும் வெறுமை

தமிழ் எழுத்துகளோடு வேலை செய்பவருக்கு இந்த எச்சரிக்கை வேறொரு வாசலாலும் வரும். 'கொட்டாரம்' என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். யுனிகோடில் 'கொ' என்பதை க-வுக்குப் பின் ஒற்றை ஒகரக் குறியிட்டும் எழுதலாம். எகரக் குறியும் காற்குறியும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. குறியீடுகளாக எண்ணினால் ஒன்றில் 9, மற்றதில் 10. ஊர்ப்பெயரைச் சாவியாக வைத்துத் தொகுத்த பட்டியலில் முதல் வடிவம் இருந்து, தேடுவது இரண்டாம் வடிவமாக இருந்தால், அப்படி ஓர் ஊரே இல்லை என்று அன்டெஃப் திரும்பி வரும். எச்சரிக்கை ஊர்ப்பெயரோடு வரும். கண்ணுக்கு அந்தப் பெயர் பட்டியலிலும் இருக்கும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிடிபடாது. டேட்டா டம்ப்பர் தமிழ் எழுத்துகளைக் குறியீட்டு எண்களாக விரித்துக் காட்டுவதால் அங்கே குட்டு வெளிப்படும்.

பழைய தமிழ்க் கோப்புகளை மாற்றும்போது இது எளிதாக நேரும். டிஸ்கி குறியாக்கத்தில் எகரக் கொம்பு, கண்ணால் பார்க்கும் வரிசைப்படி, க-வுக்கு முன்னால் நிற்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள் டிஸ்கியில் வந்தவை. அத்தகைய கோப்பை யுனிகோடாக மாற்றும் நிரல் கொம்பைப் பின்னுக்குத் தள்ளுவதோடு நின்றால் போதாது. கொம்பையும் காலையும் ஒரே குறியாக இணைக்கவும் வேண்டும். பெர்ல் 5.8 முதல் கூடவே வரும் 'யுனிகோடு நார்மலைஸ்' கூறு இதைச் செய்யும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே அதன் வழியாக அனுப்பிவிட்டால் இரண்டு கொட்டாரங்கள் உருவாகா.

தமிழ் எண்களின் கதை இன்னும் சுவையானது. பழைய ஓலைக்கணக்குகளில் 10, 100, 1000 ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ என்று தனிக்குறிகள் இருந்ததால் சுழியத்துக்குத் தேவை எழவில்லை. யுனிகோடிலும் தமிழ் 1 முதல் 9 வரையும் இந்த மூன்று குறிகளும் முன்பே இருக்க, ௦ என்ற சுழியம் 2005இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. 2002இல் வெளியான பெர்ல் 5.8.0 தன்னுள் வைத்திருந்தது யுனிகோடு 3.2 அட்டவணை. அதில் ௦ என்பது இலக்கமே அல்ல. எனவே, நான்கு இலக்க ஆண்டு எண்ணைத் தேடிப் பிடி என்று சொன்னால் '௧௯௫௬' அகப்படும். '௨௦௦௨' அகப்படாது, அதை ஏற்க வேண்டிய மாறி வெறுமையாகும். 5.10இல் இந்தக் குறை இல்லை. சுழியம் இல்லாததால் வெறுமை பிறந்த இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டெபியன் விபத்து, 2008

எச்சரிக்கை தொல்லை தருகிறது என்று காரணம் பார்க்காமல் வாயை அடைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பெர்லுக்கு வெளியே, சி மொழியில் நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இணையத்தில் மறைகுறியாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தை நினைவகச் சோதனைக் கருவிகளால் ஆராய்ந்தபோது, தொடக்க மதிப்பில்லாத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரிக்கைகள் வந்தன. டெபியன் லினக்சில் 2006இல் அதற்குக் காரணமான இரண்டு வரிகளை நீக்கினார்கள். ஒன்றை நீக்கியதால் தீங்கில்லை. மற்றதுதான் தற்செயல் எண்களுக்கான விதையைக் கலக்கும் வரி. அது போனபின், விதையாக எஞ்சியது ஓடும் செயலின் அடையாள எண் மட்டுமே. அது 32,768 என்ற எல்லைக்குள் அடங்கும். கோடானுகோடி சாவிகள் சாத்தியமாக இருக்க வேண்டிய இடத்தில், ஓர் இரவில் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடக்கூடிய அளவுக்குச் சாவிகள் சுருங்கின.

லூசியானோ பெல்லோ கண்டறிந்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியாகும்வரை இது யாருக்கும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல, ஒரு பெரிய ஓட்டை ஏறத்தாழ 20 மாதங்கள் எல்லார் கண்முன்னும் இருந்தது. டெபியனிலும், அதிலிருந்து கிளைத்த உபுண்டு போன்றவற்றிலும் உருவான சாவிகளை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. எவை பழுதான சாவிகள் என்று கண்டுபிடிக்க அறிவிப்போடு டெபியன் தந்த கருவி பெர்லில் எழுதியதுதான்.

பெர்ல் நிரல்களிலும் இதே ஆசை அடிக்கடி எழும். எச்சரிக்கை வந்த வரியின் மேலே 'நோ வார்னிங்ஸ்' என்று எழுதுவதும், எல்லா மாறிக்கும் கண்ணை மூடிக்கொண்டு 0 என்று தொடக்க மதிப்பு இடுவதும் ஒரே ரகம். இரண்டில் பின்னது மோசம் என்பது என் கருத்து. முன்னதில் அணைத்த இடமாவது நிரலில் எழுத்தாக நிற்கிறது, பின்னால் வருபவர் கேள்வி கேட்கலாம். 0 இட்டுவிட்டால், வந்த விடை வெறுமையா உண்மையான சுழியமா என்பது என்றைக்கும் தெரியாது.

இன்றைய நிலை

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. பாஸ் டெபியன் வழி வந்தது. டெபியனில் பெர்லின் அடிப்படைத் தொகுப்பு கட்டாயமானது. ஆகவே அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு, யாரும் சொல்லாமலே, பெர்லும் போய்ச் சேர்ந்திருந்தது. 'யூஸ் யூடிஎஃப்8' என்று ஒரு வரி எழுதினால் அதில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மேலே காட்டிய எடுத்துக்காட்டுகள் அவ்வாறு எழுதியவைதாம்.

பெர்ல் 5.12 (2010) முதல், நிரலின் தலையில் பதிப்பு எண்ணை எழுதினாலே ஸ்ட்ரிக்ட் தானாக இயங்கும். 2022 மே மாதம் வந்த 5.36 முதல், அந்தப் பதிப்பு எண்ணை எழுதினால் எச்சரிக்கைகளும் தானாக இயங்குகின்றன. பதிப்பு எண் எழுதாத பழைய நிரல்கள் பழையபடியே, வெறுமையைச் சுழியமாகக் கூட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் ஓடும். 30 ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலும் இன்றைக்கு மாறாமல் ஓட வேண்டும் என்பது பெர்லைப் பராமரிப்பவர்களின் கொள்கை.